அக்கி எழுதிய முதுகு

காசிராஜன் ஒழுங்கான டிரைவர் என்று இராஜபாளையம் டிப்போவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒழுங்கு என்றால் கெட்ட வார்த்தை பேசாதது, வேகமாகப் போகாதது மட்டுமில்லை. பிரேக் லேசாக ஒரு பக்கம் இழுத்தாலும், கியர் மாற்றும்போது சின்ன முனகல் கேட்டாலும், டூட்டி முடிந்ததும் மெக்கானிக்கைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். மற்றவர்கள் கேலி செய்வார்கள். “ஏலே காசி, நாளைக்கு வேற எவனோ ஓட்டப்போற வண்டி. ஒனக்கு என்னலே இம்புட்டுக் கவலை?” என்பார்கள். “எவன் ஓட்டுனா என்ன, உள்ள உக்காந்து வாரது மனுசந்தான” என்பான். அப்படிப்பட்ட ஆள், தன் உடம்பில் வந்த கோளாறை மட்டும் சொல்லவேண்டியவர்களிடம் சொல்லாமல் மறைத்தான். மறைக்கச் சொன்னது அவன் மனைவி வெங்கடேஸ்வரி.

அவளை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அவள் நிலைமையில் நீங்களும் நானும் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யாருக்குத் தெரியும்.

வெங்கடேஸ்வரி சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சுருள் சுற்றுகிறவள். உலகத்தில் யார் யார் புண்ணையோ கட்டப்போகிற துணி தினமும் அவள் கையில் ஏறி இறங்கும். பிள்ளைகுட்டி இல்லை. ஆரம்பத்தில் அதற்காக அழுதார்கள், கோயில் குளம் என்று சுற்றினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அவனுக்கு அவள், அவளுக்கு அவன் என்று காலம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் காசிராஜனுக்குச் சாப்பிட்டது வயிற்றில் தங்காமல் போனது. மதுரையில் குழாய் விட்டுப் பார்த்து இரைப்பையில் கட்டி என்றார்கள். அறுத்து எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார்கள். கீமோ கொடுத்தார்கள். முடி போனது, சதை போனது, கட்டி மட்டும் போகவில்லை. கடைசியில் மதுரை டாக்டரே, சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்று அனுப்பினார்.

அங்கே டாக்டர் மதுசூதன் என்று ஒருத்தர். நிதானமான மனுஷர். எதையும் மூடி மறைக்காமல் பேசினார்.

“உங்க ரத்தத்துல நோயை எதிர்க்கிற வெள்ளை அணு இருக்கு. அதைக் கொஞ்சம் எடுத்து, புற்றுநோயைப் பாத்ததும் அடையாளம் கண்டுபிடிக்கிற மாதிரி லேப்ல மாத்தி, பெருக்கி, திரும்ப உங்க உடம்புக்கே விடுவோம். ரத்தத்துல வர்ற புற்றுநோய்க்கு இது நல்லாக் கேக்குது. கட்டிக்கு அவ்வளவு சுலபமாக் கேக்கறதில்லை. கட்டி தன்னைச் சுத்தி ஒரு சுவரைக் கட்டிக்கும். அதையும் மீறி உள்ள போற அணுவை பிரேக் போட்டு நிறுத்திடும். அதனால அணுவைத் தனியா அனுப்பிப் பிரயோஜனம் இல்லை. முதல்ல கொஞ்சமா ரேடியேஷன் கொடுத்துக் கட்டியை இளக்கணும். இளகி இருக்கும்போதே அணுவை உள்ள விடணும். பின்னாலேயே அந்த பிரேக்கை எடுத்துவிடற ஊசி. மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா, நேரம் தவறாம நடக்கணும்.”

காசிராஜன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இத்தன வருசமா வண்டி ஓட்டுதேன் சார். பிரேக்கை எடுத்துட்டு ஓட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதான்” என்றான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“கொணமாயிருமா சார்?” என்று வெங்கடேஸ்வரி கேட்டாள்.

“சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கு. நிறையப் பேருக்குச் சுருங்கலை. இது ஆராய்ச்சிம்மா. நான் வாக்குக் கொடுக்க முடியாது.”

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் மட்டும்தான் அவள் காதில் ஏறியது. வேறு எதுவும் ஏற அவள் இடம் கொடுக்கவில்லை.

ரத்தத்தை ஒரு மெஷின் வழியாகச் சுற்றவிட்டு அணுக்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். அது தயாராக ஒரு மாதம் போல ஆகும் என்றார்கள். அன்றிலிருந்து காசிராஜன் அந்த அணுக்களுக்கு ‘நம்ம பயலுக’ என்று பேர் வைத்துவிட்டான். “பயலுக இந்நேரம் சென்னையில என்ன செய்யுதானுகளோ” என்பான். “நல்லாத் தின்னு கொழுத்து வரட்டும், வந்து வேலை செய்ய வேண்டாமா” என்பாள் இவள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. பயலுக என்று சொல்லும்போது அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அவளுக்கு உள்ளுக்குள் வலிக்கவும் செய்தது.

சென்னையில் தங்கியிருந்த லாட்ஜில் அடுத்த அறையில் திண்டிவனத்துக்காரர் ஒருத்தர் இருந்தார். இதே வைத்தியத்துக்கு வந்தவர். அவருக்கு இருமல் வந்தது. உடம்பில் வேறு தொற்று இருக்கிறவர்களை இதில் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். அந்த மனுஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினதை வெங்கடேஸ்வரி பார்த்திருந்தாள். பொய்க்கு விதை விழுந்தது அந்தப் படியில்தான்.

ஊர் திரும்பினபிறகு ஆஸ்பத்திரியிலிருந்து செல்வலட்சுமி என்ற பெண் அடிக்கடி போன் செய்வாள். நோயாளிகளைத் தொடர்ந்து விசாரிப்பதுதான் அவள் வேலை. அருமையான பிள்ளை, தன்மையாகப் பேசும். ஒருநாள் கூப்பிட்டு, “அம்மா, சாரோட செல் தயாராயிடுச்சு. உறையவச்சு பத்திரமா வச்சிருக்கோம். மதுரையில ரேடியேஷனை முடிச்சுட்டு நேரா இங்க வந்துடுங்க” என்றாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள் வெங்கடேஸ்வரி. அன்றைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

மதுரைக்குப் போக நாள் நெருங்கிய சமயத்தில், ஒரு காலையில் அவனுக்கு முதுகு துடைத்துவிடும்போது கண்டாள். இடது தோள்பட்டைக்குக் கீழே செக்கச் செவேலென்று தடித்து, அதன்மேல் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகக் கொப்புளம். முதுகிலிருந்து புறப்பட்டு அக்குளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

“நேத்துல இருந்து அந்த எடத்துல நெருப்பா எரியுதுட்டி. என்னது அது?” என்றான்.

அது அக்கி என்று பார்த்த உடனே அவளுக்குத் தெரியும்.

“அக்கிங்க.”

“அப்ப செல்வலட்சுமிகிட்ட சொல்லிருவோம்.”

“சொன்னா பேரை எடுத்துருவாக. திண்டிவனத்துக்காரருக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்களும் பாத்தியதான.”

“வண்டியில கோளாறு இருந்தா சொல்லணும்ட்டி.”

“நீங்க வண்டியில்ல” என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அவன் முதுகிலேயே நெற்றியை வைத்து அழுதாள். புண்ணில் படாத பக்கமாகப் பார்த்துத்தான் வைத்தாள். “எனக்கு வேற யாரு இருக்கா. கையில வந்து நிக்குத நேரத்துல விடச் சொல்லுதியளா. காவியால அக்கி எழுதுனா மூணு எழுத்துல அமுந்துரும். அதுக்குப் போயி...”

காசிராஜன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, “சரி, ஒன் இஷ்டம்” என்றான்.

காசிராஜனின் அக்கா பாண்டீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும், “விடியக் கருக்கல்ல கூட்டிட்டு வாட்டி. எங்க தெருவுக்குப் பின்னால வேளார் வீடு இருக்கு. அவரு கைராசிக்காரரு. அக்கி சுத்தி வந்து தலையும் வாலும் சேந்துட்டா ஆளு தங்காதும்பாக, தெரியும்லா” என்று பயத்தையும் சேர்த்துக் கொடுத்தாள்.

அக்கி எழுதுவது நம் பக்கத்தில் புதிதில்லை. பானை செய்கிற வேளார் வீட்டில்தான் எழுதுவார்கள். இருளப்பசாமி வேளார் காலை வெயில் முதுகில் படுகிற மாதிரி காசிராஜனை உட்காரவைத்து, காவிக்கல்லை உரசிக் குழைத்து, கோழி இறகால் தொட்டுக் கொப்புளத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார். கோடு வளைந்து வளைந்து சிங்கமாயிற்று. சிங்கம் அக்கியைத் தின்றுவிடும் என்பது கணக்கு.

“வேற சீக்கு உண்டுமா?” என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

“அல்சரு” என்றாள் வெங்கடேஸ்வரி. ஒரு பொய் சொன்னவளுக்கு இரண்டாவது சொல்ல நேரமா ஆகும்.

“மூணு நாளைக்கு எழுதணும். தண்ணி படக்கூடாது, காவி தானா உதிரணும். இதுக்குன்னு இங்கிலீஷ் மருந்து எதுவும் சேக்காதிய.”

காசிராஜன் குனிந்த தலையோடு, “வேளாரே, சிங்கத்தைக் கொஞ்சம் கீழ எறக்கி வயித்துப் பக்கமும் ஒண்ணு எழுதிவிடுங்க. அங்க ஒருத்தன் ரொம்ப நாளா அடங்காம உக்காந்திருக்கான்” என்றான். வேளார் அல்சரைச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தார். பாண்டீஸ்வரியும் சிரித்தாள். வெங்கடேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் செல்வலட்சுமி போன் செய்தாள். எப்போதும் கேட்கிற கேள்விகள்தான். காய்ச்சல் இருக்கிறதா, சளி இருமல் உண்டா, உடம்பில் எங்கேயாவது புண், கொப்புளம்?

“ஒண்ணும் இல்ல தாயி. நல்லா இருக்காக” என்றாள் வெங்கடேஸ்வரி.

காசிராஜன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

மூன்று எழுத்து முடிந்ததும் மதுரைக்குப் போனார்கள். அக்கி அமுங்கின மாதிரியும் இருந்தது, அமுங்காத மாதிரியும் இருந்தது. கம்பெனியிலிருந்து கொண்டுவந்த காஸ் துணியை மடித்து வைத்து, அதன்மேல் பழைய பனியனைப் போட்டு, அதற்குமேல் சட்டையை மாட்டிவிட்டாள். ரேடியேஷன் மெஷினில் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். வயிற்றுக்குத்தான் கொடுக்கிறார்கள் என்பதால் சட்டையை நெஞ்சுவரை ஏற்றினால் போதும் என்றுவிட்டார்கள். அடியில் நசுங்குகிற கொப்புளத்தோடு காசிராஜன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தான். “அசையாம படுக்கதுல இவரை அடிச்சுக்க ஆள் இல்ல” என்று மெஷின் பையன் பாராட்டினானாம். வெளியே வந்து அதை அவளிடம் சொன்னான். பெருமைக்குச் சொன்னானோ, வேறு எதற்குச் சொன்னானோ, தெரியவில்லை.

ரேடியேஷன் முடிந்த கையோடு பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏறினார்கள். ஏறுவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் போட்டு காவியைத் துடைத்தாள். கொப்புளம் உடைந்த இடங்களில் காவி ஊறிப்போயிருந்தது. எத்தனை துடைத்தும் சிங்கத்தின் வாலும் ஒரு காலும் போகவில்லை. அது போகாததைவிட இன்னொன்றுதான் அவளை நடுங்கவைத்தது. கழுத்துக்குக் கீழே, இடுப்பில், வலது கையில், ஒரு பக்கத்தோடு நிற்கவேண்டிய அக்கி போகக்கூடாத இடங்களில் எல்லாம் ஒன்றும் இரண்டுமாகப் புதுக் கொப்புளம் கிளம்பியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம் என்று கிளம்பியாயிற்று. பாதி வழியில் இறங்க அவளுக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொன்னாள். காஸ் துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. பிரித்ததும் நர்ஸ் போய் டாக்டர் மதுசூதனைக் கூட்டிவந்தாள். அவர் பார்த்தார். கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இது என்ன செவப்பு?”

“காவி சார்” என்றான் காசிராஜன். “அக்கி எழுதுனோம்.”

“எப்ப வந்துச்சு?”

வெங்கடேஸ்வரி பிரித்த காஸ் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அவன்தான் சொன்னான், மதுரைக்குப் போகுமுன்னாலேயே வந்துவிட்டது என்று. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“அம்மா, அக்கிக்கு மாத்திரை இருக்கு. வந்த உடனே சொல்லியிருந்தா கொடுத்துக் காயவிட்டிருப்போம். அதுவரைக்கும் ரேடியேஷனைத் தள்ளி வச்சிருப்போம். செல் உறைஞ்சுதானே இருக்கு, அது எத்தனை நாள் வேணா காத்திருக்கும். யாரும் பேரை எடுத்திருக்க மாட்டோம்.”

“திண்டிவனத்துக்காரரை...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“அவருக்கு டிபி இருந்துச்சும்மா. அது வேற.”

டாக்டர் மேலே சொன்னார். “இப்ப உடம்பு பூரா பரவியிருக்கு. இந்த நெலமையில செல்லை விட்டா அக்கியே ஆளைக் கொன்னுடும். இதை முதல்ல ஆத்தணும். அதுக்குள்ள ரேடியேஷன்ல இளகுன கட்டி திரும்ப இறுகிடும். அதே எடத்துல மறுபடி ரேடியேஷன் கொடுக்க இந்த ஆராய்ச்சியில வழியில்லை.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது தன் கை என்று வெங்கடேஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. காப்பாற்றுகிறேன் காப்பாற்றுகிறேன் என்று கெடுத்துவிட்டேனே என்று மனசு அடித்துக்கொண்டது. டாக்டர் நல்லவர். “சொல்லியிருந்தாலும் நிச்சயம் பிழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாதும்மா” என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

தனி அறையில் போட்டு ஊசிமருந்து ஏற்றினார்கள். அக்கி ஆறியது. ஆறுவதற்குள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது, தண்ணீர்கூட இறங்காமல் போனது. இனி உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்புகிற அன்று காசிராஜன் செல்வலட்சுமியைக் கூப்பிட்டு, “பயலுக எங்க இருக்கானுக தாயி? ஒரு தடவ பாக்கலாமா?” என்று கேட்டான். அங்கே யாரையும் விடமாட்டார்கள் என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வெங்கடேஸ்வரி ஒருநாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். “என்னையத் திட்டிருங்க. ஒரு வார்த்தையாச்சும் திட்டிருங்க” என்றாள்.

“ஒன்னைய எதுக்குட்டி திட்டணும்” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. “வண்டியில கோளாறு வந்தா சொல்லவேண்டியது டிரைவரு. பக்கத்துல உக்காந்து வாரவங்க இல்ல.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு அழுது தீர்க்க ஒரு வழி கிடைத்திருக்கும். அதையும் அடைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தான். டிப்போவிலிருந்து எல்லாரும் வந்திருந்தார்கள். குளிப்பாட்டும்போது முதுகில் சிங்கத்தின் வால் மட்டும் தழும்போடு தழும்பாக மங்கலாகத் தெரிந்தது. பாண்டீஸ்வரி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வெங்கடேஸ்வரி மறுபடி கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் சுருள் சுற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. செல்வலட்சுமி.

“அம்மா, எப்படி இருக்கீங்க? இந்த நேரத்துல இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆராய்ச்சி முடியுது. சார் பேர்ல இருக்கிற செல்லை என்ன செய்யறதுன்னு வீட்டுல இருந்து ஒருத்தர் சொல்லணும். அழிச்சிடலாமாம்மா?”

அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தாள்.

“அது உசுரோடயா தாயி இருக்கு?”

“உறைஞ்சு இருக்கும்மா. வெளிய எடுத்து இளகவிட்டா உயிரோடதான் இருக்கும்.”

“வேற யாருக்காச்சும் குடுக்கலாமே.”

“முடியாதும்மா. அவர் உடம்புக்குன்னே செஞ்சது. வேற உடம்பு ஏத்துக்காது.”

வெங்கடேஸ்வரி கையில் ஒட்டியிருந்த பஞ்சுத் தூசியைச் சேலையில் துடைத்தாள்.

“நல்லா இருக்கானுகளா? சீக்கு கீக்கு, புண்ணு, கொப்புளம்...”

“ஒண்ணும் இல்லம்மா” என்றாள் செல்வலட்சுமி. “நல்லா இருக்கு.”

இந்தப் பேச்சு முன்னால் ஒருநாள் இதே போனில் நடந்ததுதான். அன்றைக்குக் கேட்டது அவள், சொன்னது இவள். இன்றைக்குச் சொன்ன பதில் உண்மை, அவ்வளவுதான் வித்தியாசம். செல்வலட்சுமி போனை வைக்காமல் காத்திருந்தாள்.

“அழிச்சிருங்க தாயி” என்றாள் வெங்கடேஸ்வரி. பிறகு அவசரமாக, போனை வைத்துவிடப் போகிறாளோ என்று பயந்தவள்போல, “ஆனா உடனே அழிச்சிராதிய. வெளிய எடுத்து, நல்லா இளகவிட்டு, செத்த நேரம் உசுரோட இருக்கவிட்டுட்டுப் பொறவு அழிங்க. பயலுக பொறந்ததுல இருந்து அந்தப் பனிக்குள்ளயேதான கிடந்தானுக” என்றாள்.

சரிம்மா என்று அந்தப் பெண் சொன்னாள்.